தேரிக்காட்டு வழியே ஊருக்கு

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை பங்கு மன்றத்தில் ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் பேச வேண்டும் என்று குழுவினர் என்னைக் கேட்டபோது, பங்கின் வரலாற்றைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் முன் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்களே என்றேன். “சரி, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், அதைச் சொல்லுங்கள்” என்றார்கள். நியாயமான கேள்விதான். இந்த சீர்காழிப் பங்கில் மண்ணோடு பிறந்த குடும்பங்களும் உண்டு. பிழைப்புத் தேடி வந்து வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. எங்கள் குடும்பம் இரண்டாவது வகை. கடைத்தெருவில் இன்றும் “கருப்பட்டிக் கடைக்காரர் வீடு” என்றால்தான் தபால்காரருக்குத் தெரியும். கடையை மூடி முப்பது வருடமாகிறது. பெயரை மட்டும் யாரும் மூடவில்லை.

எங்கள் பாட்டையா, அதாவது அப்பாவைப் பெற்றவர், திருநெல்வேலிச் சீமையில், அன்றைய திருச்செந்தூர்த் தாலுகாவில், தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தேரி என்றால் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அது செம்மணல் மேடு. மேடு என்று சொன்னால் ஆற்று மணல்மேட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இட்டமொழி, சாத்தான்குளம், குதிரைமொழி என்று வரிசையாகக் கிடக்கும் மணற்காடுகள் அவை. குதிரைமொழித் தேரி ஒன்று மட்டுமே சுமார் 12,000 ஏக்கர். பாலைவனம் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் துபாயும் குவைத்தும் நினைவுக்கு வருகின்றன; சம்பளம் அங்கே கிடைப்பதால் அது இயல்பே. விமானம் ஏறாமல், விசா வாங்காமல் போகக்கூடிய பாலைவனம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அங்கே எங்கள் குடும்பத்துக்குச் சமையல்கட்டும் சாமிப் படமும் இருந்தன.

சென்ற வைகாசி மாதக் கடைசியில் நானும் என் தம்பியும் அங்கே போய் வந்தோம். வண்டி ஓட்டியவன் என் பேரன். சுற்றுலாவாகப் போகவில்லை. ஊரில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒன்றரை ஏக்கர் விளை கிடக்கிறது. விளை என்றால் மணற்பாங்கான தோப்பு நிலம். எங்களுடையதில் எழுபது பனை நிற்கிறது. அதை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், மரத்துக்குத் தனி விலை, நிலத்துக்குத் தனி விலை, எல்லோரும் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தார். அவருக்குப் பேத்தியின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மரம் எதற்கு என்று கேட்டேன். காளவாசலுக்கு என்றார். செங்கல் சூளைக்கு விறகு. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரைக்கால், நாகப்பட்டினம் வரை உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வேளாங்கண்ணியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று போனோம். மணமேல்குடி தாண்டியதும் பச்சை குறைகிறது. தொண்டி தாண்டினால் வயல் இருந்தாலும் அது வானம் பார்த்த வயல். அதற்கப்புறம் சீமைக்கருவேலம், கண்ணுக்கெட்டிய தூரம் அதுதான். “தாத்தா, பாலைவனம் ஆரம்பிச்சிருச்சா?” என்றான் பேரன்.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். கேள்வி கேட்டால் விடுவேனா? தமிழில் பாலை என்பது தனியாகப் படைக்கப்பட்ட நிலம் அல்ல. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வெயிலில் திரிந்து போனால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது என்றேன். அந்தக் காப்பியம் தொடங்குவது நம் ஊரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கும் பூம்புகாரில். காவிரி கடலில் கலக்கும் ஊரிலிருந்து புறப்பட்ட கதை பாலையைப் பற்றிப் பேசுகிறது. “அப்படின்னா நம்ம ஊரும் ஒரு நாள் பாலை ஆகுமா?” என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கேள்வி இப்படித்தான் நேரே கழுத்தைப் பிடிக்கிறது. அதற்கு நான் வழியில் பதில் சொல்லவில்லை. பின்னால் வருகிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து நேரே தூத்துக்குடிக்குப் போயிருக்கலாம். ஆனால் என் தம்பி மனைவியின் தாயார் தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர். அந்த அம்மாள் இறக்கும்வரை ஊரைப் பற்றிப் பேசினார். ஒருமுறையும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அவருக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு வருவோம் என்று தம்பி சொன்னதால் பாம்பன் பாலம் ஏறினோம்.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து தனுஷ்கோடி பெரிய துறைமுகம். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலை விட்டு இறங்கினால் தலைமன்னாருக்குக் கப்பல் காத்திருக்கும். தபால் நிலையம், சுங்கச் சாவடி, கோவில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் கடல் எழுந்து ஊரை மூடியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் பயணிகளோடு போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டபின் இப்போது சுற்றுலா வண்டிகள் போகின்றன. நம் கோவிலின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. பவளக்கல் சுவர். பலிபீடம் இருந்த இடத்தில் மணல். சுவரோரம் நின்று மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னோம். நாலைந்து இளைஞர்கள் அதே சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு அது கல்.

ஆனால் நான் சொல்ல வந்தது சுவரைப் பற்றி அல்ல. அங்கே இன்றும் சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டிருக்கின்றன. இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒரு நாக்கு போல மணல். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று ஓர் அம்மாளைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பள்ளத்தைக் காட்டினார். இடுப்பளவு ஆழம்கூட இல்லை. அடியில் ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை. நம் திருமுல்லைவாசல் பக்கம் ஆழ்குழாய் போட்டு வரும் தண்ணீரைக் குடித்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெய்த மழையை மணல் உடனே உள்ளே வாங்கிக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் கனம். மழைத் தண்ணீர் இலேசு. ஆகவே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கொஞ்சமாகத் தோண்டிக் கொஞ்சமாக மொண்டால் வருடம் முழுவதும் வரும். ஆழத் தோண்டி மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளின் கையிலிருந்த சிரட்டைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி உப்பளங்களைக் கடந்து, இரவு மணப்பாட்டில் தங்கினோம். 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது முதலில் கால் வைத்த ஊர் அது. கடலோரக் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோவில் நிற்கிறது, 1581-இல் எழுந்தது. புனிதர் தங்கியிருந்த குகையையும் அதனுள் இருக்கும் சிறு கிணற்றையும் பார்த்தோம். அலை வந்து மோதும் பாறைக்குள் அந்தக் கிணற்றில் குடிக்கத்தக்க தண்ணீர். சற்று வடக்கே திருச்செந்தூரில் முருகன் கோவிலருகே நாழிக்கிணறு இருக்கிறது, அதிலும் அப்படியே. அந்தக் கரையில் எந்தச் சாமியிடம் போனாலும் பக்கத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும் போலிருக்கிறது என்றான் பேரன். வேடிக்கையாகத்தான் சொன்னான்.

மறுநாள் விடியற்காலையில் தேரிக்குள் போனோம்.

நான் பத்து வயதில் ஒருமுறை பார்த்தது. நினைவில் இருந்த சிவப்பு பொய்யாக இருக்குமோ என்று எண்ணியிருந்தேன். நிஜச் சிவப்பு அதைவிட அதிகம். ஒவ்வொரு மணலிலும் இரும்புத் துரு பூசியிருப்பதால் அந்த நிறம். காற்று வரிவரியாகக் கோலம் போட்டிருக்கிறது. உடைமரம் குடை விரித்தாற்போல் ஆங்காங்கே நிற்கிறது. வனத்துறை வைத்த முந்திரியும் உண்டு. மற்றபடி பனை, பனை, பனை. காலை ஒன்பது மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பிற்பகலில் காற்று எழும். தென்மேற்குப் பருவக் காற்று கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்கையோடு இந்தப் பக்கம் பாய்ந்து வருகிறது. நமக்கு மேட்டூர்த் தண்ணீருக்கு ஆனி ஆடி எப்படியோ, அவர்களுக்குக் காற்றுக்கு ஆனி ஆடி அப்படி. அந்தக் காற்று மணலைத் தூக்கிக் கிழக்கே கொண்டுபோய்ப் போடும். ஒரு காலத்தில் மேடு நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடியதுண்டு. கழுத்துவரை மணலில் புதைந்து, தலை மட்டும் வெளியே தெரியும் பனைகளைப் பேரனுக்குக் காட்டினேன். பனை அதற்கெல்லாம் அஞ்சாது. புதைந்தும் பாளை விடும்.

இந்த மணலில் ஆதி மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். நகத்தளவு கூர்மையான கல் ஆயுதங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956-இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். கண்ணுக்குத் தண்ணீரே தெரியாத இடத்தில் ஏன் வந்து குடியிருந்தார்கள்? தண்ணீர் இருந்தது, அதனால்தான். தேரிக்கு நடுவே சுனைகள் உண்டு. மேடுகளுக்கிடையே பள்ளத்தில் மழைக்காலத்துத் தண்ணீர் நிற்கும் இடத்தைத் தருவை என்கிறார்கள்; சாத்தான்குளம் பக்கம் வைரவன் தருவை, புத்தன் தருவை என்று பெயரே இருக்கிறது. வெறும் மணல் என்று வரைபடத்தில் குறித்தவர்கள் மேலிருந்து பார்த்தவர்கள். பனையின் வேர் கீழிருந்து பார்க்கிறது.

இந்த விளைகளில் காய்ச்சிய கருப்பட்டியை வாங்கிச் சர்க்கரையாக்க அப்போது குலசேகரப்பட்டினத்தில் ஆலை இருந்தது. அதற்காக ஒரு குட்டி ரயிலும் ஓடிற்று. எங்கள் பாட்டையா அந்த ஆலைக்குக் கருப்பட்டி போட்டவர். 1940 வாக்கில் அந்த ரயில் நின்றுபோயிற்று. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆறு மூட்டைக் கருப்பட்டியோடு ரயிலேறினார். தஞ்சாவூர்ச் சீமையில் கருப்பட்டிக்கு ஆள் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். சீர்காழி நிலையத்தில் இறங்கி, வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்து, “இவ்வளவு தண்ணியையும் யாரு குடிக்கா?” என்று கேட்டாராம். இஸ்ராயேல் மக்கள் நைல் நதியை விட்டுப் பாலைவனத்துக்குப் போனார்கள். எங்கள் வீட்டார் பாலைவனத்தை விட்டு நதிக்கு வந்தார்கள். முணுமுணுப்பு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே. பாட்டையா சாகும்வரை இந்த ஊர்த் தண்ணீரில் ருசி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே குலசேகரப்பட்டினத்தில் இப்போது ராக்கெட் தளம். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். உடன்குடியில் அனல்மின் நிலையம் எழும்பி நிற்கிறது. நாட்டுக்கு வேண்டியவைதாம், நான் மறுக்கவில்லை. ஆனால் செம்மண்ணைப் பார்க்கும் ஒவ்வொருவரும் “சும்மா கிடக்கும் நிலம்” என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சும்மா கிடக்கும் நிலத்திலா மூன்று தலைமுறை என் வீட்டில் அடுப்பெரிந்தது?

ஊரில் எங்கள் அத்தை இருக்கிறார்கள். அப்பாவின் கடைசித் தங்கை. வயது எண்பத்து நான்கு. நாங்கள் போனபோது விடிலியில் இருந்தார்கள். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. பெரிய தாச்சியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் விளையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பனையேறி அப்போதுதான் இறங்கி வந்தார். வயது ஐம்பத்தெட்டு. காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். காலையும் மாலையும் நாற்பது மரம் ஏறி இறங்குகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாகிவிடும். கூடுதலாகத் தடவினால் ருசி கெடும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும் என்றார். காய்ச்சிக் காய்ச்சிக் கூப்பனிப் பதம் வந்து, பிறகு இன்னும் இறுகியதும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. குறியீடு கிடைத்தது, ஏறத்தான் ஆள் கிடைக்கவில்லை. அவர் மகன் சென்னையில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். “அவனும் ஏறி எறங்குதான், மாடிப்படி” என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

ஓலைப்பட்டையில் பதநீர் குடித்தபின் விற்பனைப் பேச்சை எடுத்தேன். அத்தை அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

“வித்துக்கிடுங்க மருமவனே, எனக்கென்ன, நான் நாளைக்கு மண்ணுக்குள்ள போறவ. ஆனா ஒங்க பாட்டையா அந்த மரத்த எதுக்கு அங்கன வச்சாருன்னு யாருக்காவது தெரியுமா?”

எனக்குத் தெரியாது; தம்பிக்கும் தெரியாது. கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார்கள். விளைக்கு மேற்கே தேரி. விளைக்குக் கிழக்கே நூறடியில் ஊர்க் குருசடி. அதை அடுத்து இருபது வீடு. மேற்கேயிருந்து வரும் மணலை அந்தப் பனைகள் நான்கு வரிசையாக நின்று தடுக்கின்றன. மரங்களுக்கு மேற்கே ஆளுயரம் மணல் ஏறியிருக்கிறது, கிழக்கே இறங்கவில்லை. பழைய குருசடி மணலுக்குள் போனபிறகுதான் பாட்டையாவும் அவர் தம்பிமாரும் கொட்டை ஊன்றினார்களாம். “மரம் காளவாசலுக்குப் போனா, மணலு குருசடிக்கு வரும். ரெண்டு ஆடிக் காத்து போதும்” என்றார்கள்.

2023 டிசம்பர் மழையைப் பற்றியும் கேட்டேன். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மிதந்தன. இங்கே எப்படி என்றேன். பள்ளத்தில் மட்டும் நின்றது, மேட்டு மணல் குடித்துவிட்டது, அடுத்த கோடையில் கிணறு கைக்கு எட்டியது என்றார்கள்.

அன்று இரவு கோயம்புத்தூருக்குப் போன் செய்தோம். பேச்சு இனிமையாக இருக்கவில்லை. பேத்தி கல்யாணத்துக்கு மரம் தாலி வாங்கித் தருமா என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டதில் தவறு என்ன? பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது என்று தம்பி சட்டம் பேசினான். அதனால் சூடு ஏறியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அண்ணனின் பங்கை நானும் தம்பியும் வாங்கிக்கொள்வது என்று முடிந்தது. என் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதி அங்கே மணலாகக் கிடக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள். கணக்குப்படி அவள் சொல்வது சரி. குத்தகைக்காரர் இன்னும் எத்தனை வருடம் ஏறுவார் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஏறாவிட்டாலும் மரம் நிற்கும் என்பது மட்டும் தெரியும்.

இப்போது பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். திரும்பி வரும்போது அவனே பதிலும் சொன்னான். நம் ஊருக்குத் தோணிபுரம் என்று ஒரு பெயர் உண்டு. ஊழி வெள்ளத்தில் தோணியாக மிதந்த ஊர் என்பது ஐதீகம். 2022 நவம்பரில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் பெய்தபோது அந்தப் பெயர் எதற்கென்று எல்லோருக்கும் புரிந்தது. சம்பாப் பயிர் அழுகிற்று. இந்த மன்றத்தில் எத்தனை குடும்பம் படுத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை தண்ணீரும் எங்கே? உப்பனாறு வழியாகக் கடலுக்கு. அடுத்த சித்திரையில் கடலோரக் கிராமங்களில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். “தேரிக்காரங்க தண்ணிய ஒளிச்சு வச்சுக்கிறாங்க, நாம வழியனுப்பி வைக்கிறோம், அவ்வளவுதான் தாத்தா வித்தியாசம்” என்றான். கொள்ளிடத்து மணலை அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அவன் வேறு சில வார்த்தைகளும் சொன்னான். மேடையில் சொல்லத் தக்கவை அல்ல.

புரட்டாசியில் அத்தையிடமிருந்து லாரி செர்வீசில் இரண்டு கோணிப் பை வந்தது. பணம் கொடுத்து மரம் காத்ததற்கு இது வட்டி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உள்ளே பனங்கொட்டைகள், நானூறுக்குக் குறையாது. பங்குத்தந்தையிடம் பேசிவிட்டேன், கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு வேலியோரமும், உப்பனாற்றங்கரையில் நமக்கு அனுமதி கிடைக்கும் இடத்திலும் ஐப்பசி மழைக்குள் ஊன்ற இளைஞர் மன்றத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதிக் கொட்டைகள் மன்றத்து வாசலில் கோணியோடு இருக்கின்றன. வீட்டுக்கு இரண்டு எடுத்துப்போங்கள். ஒரு சாண் ஆழம் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. தை மாதம் கிழங்கு இறங்கியிருக்கும். பிள்ளைகள் தோண்டி அவித்துத் தின்னக் கேட்பார்கள். ஒன்றைத் தின்னக் கொடுங்கள், மற்றதை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பாளை விடப் பதினைந்து இருபது வருடம் ஆகும்.